குரக்குத்தளி

(திருக்குட நன்னீராட்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பழம்பெருமை என்றவுடன் மதுரைக்கும் தஞ்சைக்கும் வண்டி ஏறுகிறோம். திருப்பூரில் என்ன இருக்கிறது, பனியனும் சாயப்பட்டறையும்தானே என்பர் இவ்வூராரே. மிஞ்சினால், 1932ஆம் ஆண்டில் கொடி ஏந்தி அடிபட்டு உயிர்நீத்த குமரனைச் சொல்வர். நானும் அவ்வாறு பேசியவனே. ஊத்துக்குளிச் சாலையில் பல்லாண்டு போய்வந்தும், சர்க்கார் பெரியபாளையத்தில் இறங்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒருநாள் பேருந்து பழுதாகி அங்கே நின்றது. அதனைத் திருவருள் என்றே சொல்வேன்.

நகரிலிருந்து 8 கிலோமீட்டர் அளவிலுள்ள அக்கோயிலில் எழுந்தருளியிருப்பவர் சுக்ரீசுவரர். சுக்கிரீவன் பூசித்த இலிங்கம் என்பது தலவரலாறு. பழம்பெயர் குரக்குத்தளி. குரங்கு என்பது குரக்கு என வலிந்து நின்றது. தளி என்றால் கோயில். ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் சுந்தரமூர்த்தி நாயனார் தம் ஊர்த்தொகைப் பதிகத்தில் கொங்கு நாட்டு இத்தலத்தைப் பெயர் சொல்லி அழைக்கிறார். தனிப்பதிகம் இல்லாமையால் இது வைப்புத்தலம். அவிநாசிக்கும் திருமுருகன்பூண்டிக்கும் பதிகம் உண்டு. ஆகவே கூட்டமும் உண்டு. ஒரு பாட்டின் நடுவே ஒற்றைப் பெயராய் ஒதுங்கியிருக்கும் ஊரை யார் தேடிச் செல்வர்?

அங்கே நந்திகள் இரண்டு. ஒன்றற்குக் காதும் கொம்பும் இல்லை. இரவில் தன் வயலில் மேய்ந்த மாட்டை உழவன் ஒருவன் வெட்டினானாம். விடிந்து பார்க்க, கோயில் நந்தி ஊனமுற்றிருந்ததாம். நெஞ்சு நொந்து புதிய நந்தி ஒன்று செய்து வைத்தான். இறைவனோ பழையதைத் தள்ளவில்லை. அதற்கே முதலிடம் தந்தான் என்கின்றனர். இதனைச் சொன்ன முதியவர், பேச்சினிடையே கருங்கற் சுவரைக் கையால் தடவி, "இதுவும் எழுத்துத்தானுங்க" என்றார். எத்தனை முறை தடவிய கையோ!

அன்பர்களே, இந்நாளில் இதைச் சொல்லக் காரணம் உண்டு. வேறோர் ஊரில், பெயர் வேண்டா, திருப்பணி என்று மணலைப் பீய்ச்சியடித்துச் சுவரைத் தூய்மை செய்தனர். கல் பளபளத்தது, கல்வெட்டு மழுங்கிப் போயிற்று. எவரும் தீங்கு நினைத்தாரில்லை. முன்னதாக யாரும் படித்துப் பார்க்கவில்லை, அவ்வளவே. விளக்கெரிக்கவும் அமுது படைக்கவும் கொடுத்தவர் பெயரைக் கல்லிற் பொறிப்பது பண்டை வழக்கம். இன்று உங்கள் பெயரைத் தாங்கிச் சலவைக்கல் பதித்திருக்கிறோமே, அது போன்றதே அதுவும்.

நம் கோயிலின் தென்புறச் சுவர் இன்னும் சுண்ணாம்புக்குள் மறைந்து கிடக்கிறது. அடுத்த பூச்சுக்கு முன், ஈரத்தாளை ஒற்றி மசி தட்டிப் படியெடுக்கத் தெரிந்தவரை ஒருநாள் அழைத்துவர வேண்டுமெனத் திருப்பணிக் குழுவினரை வேண்டுகிறேன். அதற்காகும் செலவில் என் பங்கை இன்றே தந்துவிடுகிறேன்.

வரும் ஞாயிறு காலை குரக்குத்தளிக்குச் செல்கிறோம். உடன்வர விரும்புவோர் கோபுர வாயிலில் 7 மணிக்கு நிற்கலாம். நடை சாத்துமுன் போய்ச் சேர வேண்டும்.