பனியன் கம்பெனிக்குப் போகும் அந்த இரண்டு மாதம்

(அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி திருப்பூரில் நடந்த மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பரீட்சை முடிந்ததும் எங்கே போவீர்கள் என்று இந்தக் கூட்டத்தில் கேட்கத் தேவையில்லை. பிசிறு வெட்ட, கைமடிக்க, கொஞ்சம் பழகியிருந்தால் செக்கிங். சனிக்கிழமை சம்பளம். அடுத்த வருட ஃபீஸ் அதிலிருந்துதான். பத்தாவது முடித்ததிலிருந்து நானும் அப்படித்தான் போனேன். அதே இரண்டு மாதத்தில் வேறு வீட்டுப் பிள்ளைகள் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போகிறார்கள் என்பது பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டில்தான் எனக்குத் தெரிந்தது.

வெளியூரில் ஒரு நரம்பியல் ஆய்வகம். எனக்குக் கொடுத்த வேலை, பழ ஈயின் தூக்கத்தை அளப்பது. சிரிக்காதீர்கள். விரல் நீளக் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு ஈ. குறுக்கே அகச்சிவப்புக் கதிர். ஈ நடமாடினால் கதிர் அறுபடும், கணினி எண்ணிக்கொள்ளும். தொடர்ந்து 5 நிமிடம் அறுபடாவிட்டால் ஈ தூங்குவதாகக் கணக்கு. 1971இல் கொனோப்கா என்ற மாணவரும் அவருடைய பேராசிரியர் பென்சரும், உடல் கடிகாரத்தையே மாற்றிவிடும் மரபணுத் திரிபுகளை இந்த ஈயில்தான் கண்டுபிடித்தார்கள். அந்த வழியில் மேலே போன மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் கிடைத்தது. நம் பக்கத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் வௌவால்களை வைத்து இதே கடிகாரத்தை ஆராய்ந்திருக்கிறார்.

விளக்கு எரியும் நேரத்தை மாற்றினால், ஈயின் மூளைக்குள் இருக்கும் கடிகாரம் புது நேரத்துக்குப் பழகச் சில நாட்கள் பிடிக்கும். அதை வரைபடமாகப் போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா நினைவு வந்தது. நிட்டிங்கில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு, 12 மணி நேரம். பகலில் தகரக் கூரைக்கடியில் படுத்துப் புரளுவார். உடம்பு பழகி வருவதற்குள் வாரம் முடிந்து ஷிப்ட் மாறிவிடும். அந்த ஆய்வகத்தில் எல்லாரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் தூக்கம் என்பது வீட்டுப் பிரச்சினையாக இருந்தது எனக்கு மட்டும்தான். நாம் உள்ளே போகாவிட்டால் சில கேள்விகள் கேட்கப்படாமலே போகும்.

முதல் நாள் மெஸ்ஸில் "முழுப் பெயர் என்ன?" என்றார்கள். சொன்னேன். "அதற்குப் பின்னால்?" நம் ஊரில் பெயருக்குப் பின்னால் எதுவும் போடுவதில்லை என்றேன். அது அவர்களுக்குப் புரியவில்லை, அல்லது நன்றாகவே புரிந்தது.

அதைவிடப் பெரிய தடை பணம். உதவித்தொகை உண்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது. ரயில், விடுதி முன்பணம், சாப்பாடு எல்லாம் முதலில் நம் கைக்காசு. அம்மா கம்பெனியில் ஏழாயிரம் அட்வான்ஸ் வாங்கினார். அதைக் கழிக்கத் தீபாவளி வரை ஒன்றரை ஷிப்ட் பார்த்தார்.

மத்திய நிறுவனங்களின் பட்டப்படிப்புச் சேர்க்கையில் 15, 7.5, 27 விழுக்காடு இடஒதுக்கீடு சட்டமாக இருக்கிறது. நான் நிரப்பிய கோடைப் பயிற்சி விண்ணப்பம் எதிலும் அப்படி ஒரு வரி இல்லை. பிறகு பிஎச்.டி. நேர்காணலில் "முன் ஆராய்ச்சி அனுபவம் உண்டா?" என்று கேட்பார்கள். வாசலில் இடஒதுக்கீடு, வாசலுக்கு வரும் பாதையில் இல்லை. உயர் நிறுவனங்களின் பேராசிரியர்களில் தலித்துகளும் பழங்குடியினரும் எவ்வளவு சொற்பம் என்று 2023 ஜனவரியில் 'நேச்சர்' இதழே எழுதியது. பயிற்சியிலும் இடஒதுக்கீடு, உதவித்தொகை முன்கூட்டியே. இந்த இரண்டையும் நாம் கேட்டே ஆக வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடைக்கால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் நடத்துகின்றன. இரண்டு மாதம், உதவித்தொகையோடு. மே மாதப் பயிற்சிக்கு முந்தைய ஆண்டின் கடைசியிலேயே பெரும்பாலும் விண்ணப்பம் மூடிவிடும், ஏப்ரலில் தேடினால் கிடைக்காது. என்ன படிக்க விருப்பம் என்று சின்னக் குறிப்பும் ஆசிரியர் கடிதமும் வேண்டும். சிக்கண்ணாவிலும் எல்.ஆர்.ஜி.யிலும் படிப்பவர்கள் தயங்காமல் ஆசிரியரிடம் கேளுங்கள். எனக்கு எழுதித் தந்த ஆசிரியருக்கு அதுதான் முதல் கடிதம். மூன்று முறை திருத்தி எழுதினார்.

குறிப்பு எழுத ஞாயிறு மாலை படிப்பகத்துக்கு வாருங்கள், சேர்ந்தே எழுதுவோம். இந்த வருடம் ஒருவருக்காவது முன்பணத்தை நாமே கொடுத்து அனுப்ப வேண்டும். வாசலில் உண்டியல் வைத்திருக்கிறோம். அம்மா வாங்கிய அந்த ஏழாயிரத்தை முதலில் நான் போட்டிருக்கிறேன்.