தூது போகும் பிள்ளைகள்



இக்கருத்தரங்குக்காக நாம் கூடியிருக்கும் மண் கிரெடிட் ஆற்றங்கரை மிசிசாகா முதற்குடி மக்களுடையது. இந்த நகரத்தின் பெயரே அவர்களுடைய பெயர்தான். இதை முதலில் சொல்லித் தொடங்குவது கனடாவின் அவை மரபு. இன்றைய பொருளுக்கோ அது வெறும் மரபு அல்ல. இங்கிருந்து மேற்கே ஒரு மணி நேரம் காரோட்டினால் பிரான்ட்பேர்ட் வரும். அங்கே மோகாக் இன்ஸ்டிடியூட் என்ற, முதற்குடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி 1970 வரை நடந்தது. தாய் தகப்பனிடமிருந்து பிரித்தெடுத்தால்தான் பிள்ளை படிக்கும் என்பது அத்தகைய பள்ளிகளின் கொள்கை. அது பண்பாட்டு இனப்படுகொலை என்று 2015 இல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு அறிக்கையிட்டது. பாடசாலை வீட்டைத் தடையாகப் பார்த்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

பதின்ம வயதுப் பிள்ளைகளின் ஈடுபாட்டையும் கல்விப் பேற்றையும் பாடசாலைச் சூழலும் குடும்பத்தின் துணையும் எப்படி உருவாக்குகின்றன என்பது நம் பொருள். ஆய்வுலகில் இது பழைய வழக்கு. 1966 இல் அமெரிக்காவில் வெளிவந்த கோல்மன் அறிக்கை, பாடசாலைகளுக்கிடையே உள்ள வேறுபாடுகளை விடக் குடும்பப் பின்னணியே பிள்ளையின் பெறுபேற்றில் கூடிய செல்வாக்குச் செலுத்துகிறது என்றது. அன்றிலிருந்து வீடா, பாடசாலையா என்று ஒரு பட்டிமன்றம் நடந்துகொண்டே இருக்கிறது. பட்டிமன்றத்துக்கு நடுவர் தேவை. பிள்ளைக்கு இரண்டும் தேவை.

1993 இல் உளவியலாளர் ஜாக்குலின் எக்கிள்ஸும் அவருடைய குழுவினரும் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பிள்ளை சொந்த முடிவு எடுக்க விரும்புகிறது. பெற்றோரல்லாத பெரியவர் ஒருவரின் நெருக்கத்தைத் தேடுகிறது. பிறர் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவலைப்படுகிறது. அதே வயதில்தான் நாம் பிள்ளையைப் பெரிய கட்டடத்துக்கு மாற்றுகிறோம். பாடத்துக்கொரு ஆசிரியர் வருகிறார், கட்டுப்பாடு கூடுகிறது, புள்ளிகளை ஒப்பிடுவதும் கூடுகிறது. பிள்ளைக்கு என்ன தேவையோ அதற்கு நேரெதிரானதைக் கொடுத்துவிட்டு, ஆர்வம் குறைந்துவிட்டது என்று வயதின் மேல் பழி போடுகிறோம் என்பது அவர்களுடைய வாதம்.

ஈடுபாடு என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதும் தெளிவாக வேண்டும். வகுப்புக்கு ஒழுங்காக வருவது ஒன்று. இது என் இடம் என்ற உணர்வு மற்றொன்று. கடினமான கணக்கோடு மல்லுக்கட்டும் மனம் மூன்றாவது. ஆய்வாளர் ஃபிரெட்ரிக்ஸும் துணையாசிரியர்களும் 2004 இல் வகுத்த இம்முப்பிரிவு இன்றும் புழக்கத்தில் உள்ளது. தமிழ் வீடுகளில் நாம் முதலாவதை மட்டும் பார்த்து நிம்மதியடைகிறோம். கனடியக் கல்விச் சங்கம் 2009 இல் வெளியிட்ட ஆய்வு, மாணவர்களில் அறிவார்ந்த ஈடுபாடு உடையவர்கள் பாதிக்கும் குறைவு என்று காட்டியது. பிள்ளை கதிரையில் இருக்கிறது; மனம் வேறெங்கோ இருக்கிறது.

சூழல் என்பது காற்றில் மிதக்கும் பொருள் அல்ல. அதை எண்ணிப் பார்க்கலாம் என்பதற்கு நம் வாசலிலேயே சான்று உண்டு. நமது பீல் பகுதிக் கல்விச் சபையை ஆராய ஒன்ராறியோ மாகாண அரசு அமர்த்திய மீளாய்வுக் குழுவின் அறிக்கை 2020 மார்ச்சில் வந்தது. அதன்படி, உயர்நிலைப் பாடசாலைகளில் கறுப்பின மாணவர்கள் 10.2 விழுக்காடு, இடைநிறுத்தம் பெற்றவர்களில் அவர்கள் ஏறத்தாழ 22.5 விழுக்காடு. அந்த ஆண்டு ஜூனில் மாகாண அரசு சபையின் நிர்வாகத்தையே தன் மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்தது. ஒரு பிள்ளையை இடைநிறுத்தும்போது அந்தப் பிள்ளைக்கு மட்டுமா செய்தி போகிறது? பக்கத்துக் கதிரையில் இருக்கும் தம்பியும் தங்கையும் இது யாருடைய பாடசாலை என்று அன்றே விளங்கிக்கொள்கிறார்கள்.

இது வேறு சமூகத்தின் கதை என்று நம்மவர்கள் நினைக்கக்கூடும். 2000 ஆம் ஆண்டு ஒன்ராறியோவில் மாணவர் தண்டனைகளைக் கடுமையாக்கிய பாதுகாப்பான பாடசாலைகள் சட்டம் வந்தது. அதன் விளைவுகளை ஆராய்ந்து மனித உரிமை ஆணைக்குழுவுக்காக 2003 இல் எழுதப்பட்ட அறிக்கையைத் தேடிப் படியுங்கள். கறுப்பின மாணவர்களைப் பற்றியும் உடல், உளக் குறைபாடுள்ள மாணவர்களைப் பற்றியும் விரிவாகப் பேசும் அந்த அறிக்கை, ரொறன்ரோப் பகுதியில் தமிழ் மாணவர்களும் ஏனையோரைவிடக் கடுமையாகத் தண்டிக்கப்படுவதற்குச் சில சான்றுகள் உண்டு என்று குறிப்பிடுகிறது. தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் தமிழ் இளைஞர் குழுக்களின் வன்முறை செய்தித்தாள்களை நிறைத்திருந்தது. அந்த நிழல், கணக்குப் புத்தகத்தோடு நடந்து போன பிள்ளையின் மேலும் விழுந்தது. 2008 இல் சட்டம் திருத்தப்பட்டுப் படிப்படியான ஒழுக்க நடைமுறை வந்தது. இன்று ஆசிரியர் பலர் நம் பிள்ளைகளைக் ‘கெட்டிக்காரப் பிள்ளைகள்’ என்கிறார்கள். நேற்றைய பெயரும் நாம் கேட்டு வந்ததல்ல, இன்றைய பெயரும் நாம் கேட்டு வந்ததல்ல. முத்திரை எதுவானாலும் அது பிள்ளையின் முகத்தை மறைக்கும்.

முத்திரையில் இன்னொரு வகையும் இருந்தது. ஒன்பதாம் தரத்திலேயே பிள்ளைகளை ‘அக்கடமிக்’, ‘அப்ளைட்’ என்று தடம் பிரித்தார்கள். எட்டாம் தரத்தில், பதின்மூன்று வயதில், ஒரு படிவத்தில் இட்ட அடையாளம் பல்கலைக்கழகக் கதவை எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிடலாம் என்பது புதிதாக வந்த பெற்றோர் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? 2021 செப்டெம்பரில் கணிதத்திலும், 2022 இல் ஒன்பதாம் தரம் முழுவதிலும் இந்தப் பிரிப்பு நிறுத்தப்பட்டது. விதி மாறிவிட்டது, ஆனால் பத்தாம் தரத்தில் என்ன பாடம் எடுப்பது என்ற கேள்வி இன்னும் அதே மேசையில், அதே அவசரத்தில்தான் வருகிறது.

இனி வீட்டுக்குள் போவோம். நான் கண்ட வீடுகளில் தேர்ச்சி அறிக்கை வரும் நாள் பெரும்பாலும் இப்படித்தான். தகப்பன் காகிதத்தை வாங்கியதும் கண் நேரே விழுக்காட்டுக்குப் போகும். 84. “மிச்சம் பதினாறும் எங்கே?” அதே தாளில் கற்றல் திறன்கள் என்று ஒரு பகுதி உண்டு: பொறுப்பு, ஒழுங்கமைப்பு, தனித்துச் செயற்படல், கூட்டுச் செயற்பாடு, முன்முயற்சி, தன்னொழுங்கு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. முன்முயற்சிக்கு நேரே, மேம்பாடு தேவை என்ற பொருளில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது ஆசிரியர் வீட்டை நோக்கிக் கூப்பிடும் குரல். அதை வாசிக்காமலே தாள் மடிக்கப்பட்டு, ரியூசன் ஒன்று கூட்டப்படுகிறது.

ஆய்வாளர்கள் நான்சி ஹில், டயானா டைசன் இருவரும் 2009 இல் ஐம்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இடைநிலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் செய்யும் உதவிகளில் பெறுபேற்றோடு மிக வலுவாகத் தொடர்புடையது எது? பக்கத்தில் இருந்து வீட்டுப்பாடம் செய்விப்பது அல்ல. படிப்பு எதற்கு, உன் விருப்பம் என்ன, இந்தப் பாடம் எந்த வழிக்குக் கொண்டுபோகும் என்று பிள்ளையோடு பேசுவதுதான். ஆங்கிலம் சரளமாக வராத தாய்க்கும், பன்னிரண்டாம் தரத்துக் கல்குலஸ் தெரியாத தகப்பனுக்கும் இதைவிட நல்ல செய்தி உண்டா? அந்தப் பேச்சைத் தமிழிலேயே பேசலாம். தமிழில் பேசினால்தான் தாய்க்குத் தன் அறிவு முழுவதையும் பிள்ளையின் முன் வைக்க முடியும்.

பெற்றோரை மட்டும் குறை சொல்லி இந்த மேடையை விட்டு இறங்க நான் விரும்பவில்லை. பியர்சன் விமான நிலையத்திலும், இந்நகரத்துக் களஞ்சியங்களிலும், தொழிற்சாலைகளிலும் பின்னேர வேலைக்குப் போகிறவர்கள் நம்மவர்கள். ஆசிரியர் சந்திப்பு மாலை ஆறு மணிக்கு என்றால் அவர்கள் எப்படி வருவது? வந்தாலும் கிடைப்பது சில நிமிடம். அந்தச் சில நிமிடத்திலும் மொழிபெயர்ப்பவர் யார்? விசாரிக்கப்படும் பிள்ளையே மொழிபெயர்ப்பாளர்! ஆசிரியர் இரண்டு நிமிடம் பேசினால், பிள்ளை “ஓமாம், நல்லாப் படிக்கிறேனாம்” என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறது. தாய் எதையோ கேட்டால், “அம்மா தாங்க்யூ சொல்றா” என்று அது ஆசிரியரிடம் போய்ச் சேருகிறது. நாம் சிரிக்கிறோம். ஆனால் பதினாலு வயதுப் பிள்ளை இரண்டு உலகங்களுக்கு இடையே தூது போய்க்கொண்டிருக்கிறது. எதைச் சொல்வது, எதை மறைப்பது என்ற பாரம் முழுவதும் அதன் தலையில். மனம் நொந்திருக்கும்போதும், பள்ளியில் ஒருவன் நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தும்போதும், இரு பக்கமும் நல்ல செய்தியே கொண்டுபோகப் பழகிய பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?

பாடசாலைச் சூழலையும் குடும்பத் துணையையும் தனித்தனியே வளர்த்தால் போதாது. இரண்டும் பிள்ளையை இடையில் நிறுத்தாமல் நேருக்கு நேர் பேச வேண்டும். இந்த உரையில் நான் சொல்ல வந்தது இவ்வளவே.

பாடசாலையோடு கைகோத்து நிற்பது நமக்குப் புதிய பழக்கம் அல்ல. யாழ் இந்துக் கல்லூரி, வேம்படி, ஹாட்லி, மகாஜனா என்று ஊர்ப் பாடசாலைகளுக்குக் கனடாவில் பழைய மாணவர் சங்கம் வைத்திருக்கிறோம். குளிர்காலத்தில் இராப்போசன விருந்து வைத்து, நிதி திரட்டி, அங்கே ஆய்வுகூடத்துக்கும் நூலகத்துக்கும் அனுப்புகிறோம். அது போற்றத்தக்க பணி, தொடரட்டும். ஆனால் தெருமுனையில் இருக்கும், நம் பிள்ளை நாள்தோறும் ஆறு மணி நேரம் இருக்கும் பாடசாலையின் அதிபர் பெயர் தெரியுமா என்று கேட்டால், இந்த அவையில் எத்தனை கை உயரும்?

கதவு பூட்டிக் கிடக்கவில்லை. ஒன்ராறியோவின் 2000 ஆம் ஆண்டு 612 ஆம் இலக்க ஒழுங்குவிதிப்படி ஒவ்வொரு பாடசாலையிலும் ஸ்கூல் கவுன்சில் இருக்க வேண்டும், அதில் பெரும்பான்மை பெற்றோருடையது, தலைவரும் பெற்றோரே. 2012 இல் வந்த மாகாணச் சட்டம் ஒன்று பாடசாலைச் சூழல் பற்றி மாணவர்களிடம் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கருத்துக் கேட்கச் சபைகளைப் பணிக்கிறது. புதிதாக வந்த குடும்பங்களுக்காகப் பாடசாலைகளிலேயே குடியமர்வுப் பணியாளர்கள் இருக்கிறார்கள். இவற்றை நம்மவர்களில் எத்தனை பேர் பயன்படுத்துகிறோம்?

இக்கருத்தரங்கின் முன் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். ஆய்வாளர்களே, தெற்காசியர் என்ற பெரும் பெட்டிக்குள் தமிழ்ப் பிள்ளைகளைப் போட்டு மூடிவிடாதீர்கள். 1980களில் அகதியாக வந்தவரின் பேரப்பிள்ளையும், போன ஆண்டு சென்னையிலிருந்து கணினித் துறை வேலைக்கு வந்தவரின் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருந்தாலும் இருவருடைய வீடும் வேறு. ஆசிரியர்களே, அதிபர்களே, பெற்றோர் சந்திப்புக்குப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அமர்த்தும் வழக்கத்தை நிறுத்துங்கள். சூழல் பற்றிய கருத்துக்கணிப்பின் முடிவுகளைப் பெற்றோருக்கு விளங்கும் மொழியில் கொடுங்கள். பெற்றோரே, ஸ்கூல் கவுன்சில் தேர்தல் செப்டெம்பரில் வரும்; பெயர் கொடுங்கள்.

பின்வரிசையில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு சொல். இன்று இரண்டாம் அமர்வு முழுவதும் உங்களுடையது. பெரியவர்களைத் திருப்திப்படுத்தப் பேசாதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள்; கேட்டுக்கொண்டிருப்பது எங்கள் கடமை.

கட்டுரைகள் வாசிக்கப்படும், விவாதங்கள் சூடாகும், தொகுப்பு நூலும் வரும். அதற்கெல்லாம் முன்னால் பெற்றோர் ஒவ்வொருவரும் ஒன்று செய்யலாம். இந்த வாரமே உங்கள் பிள்ளையின் ஆசிரியர் ஒருவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். புள்ளியைப் பற்றிக் கேட்க வேண்டாம். என் பிள்ளை உங்கள் வகுப்பில் எப்போது மகிழ்ச்சியாக இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வந்ததும் அதைப் பிள்ளையோடு சேர்ந்து வாசியுங்கள். இந்த வேண்டுகோளுடன் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.