சோத்தைக் கண்டால் பயம், மண்ணைக் கண்டால் ஆசை

(மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில் நடந்த தாய்மார் கூட்டத்தில் எங்கள் நலன்புரிப் பிரிவினர் ஆற்றிய உரை)



அந்திக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, கூடையை இறக்கி வைத்த கையோடு வந்திருக்கிறீர்கள். வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டும், பிள்ளைகளைக் குளிப்பாட்ட வேண்டும் என்ற நினைப்பும் இருக்கும். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

இன்றைக்கு நாங்கள் பேசப்போவது சாப்பாட்டைப் பற்றி. "சாப்பாட்டைப் பற்றி எங்களுக்கு என்னாங்க சொல்லித்தரப் போறீங்க? சாமான் விலையைக் குறைக்கச் சொல்லுங்க" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2022ஆம் வருஷம் மாவும் அரிசியும் எட்டாத விலைக்குப் போனபோது, பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வெறும் தேத்தண்ணியோடு படுத்த தாய்மார் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். அது வறுமை தந்த பசி. நாங்கள் சொல்ல வருவது வேறொன்று. வீட்டில் சோறு இருந்தும் சாப்பிட முடியாமல் போவது, சோறல்லாததைத் தின்னாமல் இருக்க முடியாமல் போவது, தின்றதையெல்லாம் ஒளித்து வாந்தி எடுப்பது. இவை மூன்றும் வைத்தியம் உள்ள நோய்கள். நம் லயன்களிலும் இவை இருக்கின்றன. வெளியே சொல்ல வெட்கப்படுவதால்தான் யாருக்கும் தெரிவதில்லை.

முதலில் மண் தின்னும் விஷயம்.

ஒரு நாள் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளுக்கு நிறை பார்த்துக் கொண்டிருந்தோம். ஒரு தாய் வாயை அசைத்துக்கொண்டே நின்றார். "தங்கச்சி, மடியில என்னா?" என்று கேட்டோம். "ஒன்னுமில்லீங்க, சும்மா கொஞ்சம் அரிசி" என்றார். மெதுவாகப் பேசிப் பார்த்ததில், ஒரு நாளைக்கு ஒரு சுண்டு பச்சையரிசி வரைக்கும் மென்று விடுகிறார், அரிசி இல்லாத நாளில் அடுப்புக்கட்டியைச் சுரண்டித் தின்கிறார் என்று தெரிந்தது. வீட்டுக்காரருக்குத் தெரியாது. மாமியாருக்குத் தெரிந்தபோது, "கொல்லிவாய்ப் பிசாசு புடிச்சவ" என்று ஏசினாராம்.

இது புதுப் பழக்கமல்ல. புறநானூற்றில் 20ஆம் பாட்டு சேர அரசன் ஒருவனைப் பற்றியது. உன் நாட்டு மண்ணைக் கர்ப்பிணிப் பெண்கள் ஆசைப்பட்டு உண்பார்களே தவிர, பகைவர் கொள்ள முடியாது என்ற கருத்தில் புலவர் அதில் அவனைப் புகழ்கிறார். அந்தக் காலத்திலேயே மசக்கைக்காரி மண் தின்பது ஊரறிந்த செய்தியாக இருந்திருக்கிறது.

இன்றைக்கு வைத்தியர்கள் இதற்கு 'பைக்கா' என்று பேர் வைத்திருக்கிறார்கள். மண், சாம்பல், சோக்கட்டி, கரி, பச்சையரிசி, ஐஸ் என்று எதையாவது ஒரு மாதத்துக்கு மேல் விடாமல் தின்றால் கவனிக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை கையில் கிடைத்ததை வாயில் போடுவதை இதில் சேர்ப்பதில்லை. இந்த ஆசையோடு பல பேருக்குச் சேர்ந்து வருவது இரத்தச் சோகை. உடம்பில் இரும்புச் சத்து குறையக் குறைய இப்படியான ஆசை வருகிறது. தின்னும் மண்ணோ, சாப்பாட்டில் உள்ள கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கக்கூடியது. மண்ணோடு புழு முட்டையும் வயிற்றுக்குள் போகிறது. கூடுதலாகத் தின்றால் குடல் அடைத்துக்கொள்ளும்.

தோட்டத்தில் இரத்தச் சோகைக்கு இன்னொரு பழைய காரணமும் உண்டு. அது கொக்கிப்புழு. வெறுங்காலோடு அசுத்த மண்ணில் நடக்கும்போது பாதத்தின் வழியாக உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். அமெரிக்காவின் ராக்கபெல்லர் மன்றத்தார் 1916ஆம் ஆண்டிலேயே இலங்கைத் தோட்டங்களில் இந்தப் புழுவை ஒழிக்கும் வேலையை ஆரம்பித்தார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. செருப்பும் கக்கூசும் புழு மாத்திரையும் இன்றைக்கும் வேண்டித்தான் இருக்கிறது.

அந்தத் தாயைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். பொதுவாகப் பெண்களுக்கு இரத்தத்தின் அளவு 12க்கும், கர்ப்பிணிக்கு 11க்கும் குறையக்கூடாது என்பார்கள். அவருக்கு அதைவிட நன்றாகவே குறைந்திருந்தது. புழு மாத்திரையும் இரும்பு மாத்திரையும் கொடுத்தார்கள். சில கிழமையில் அரிசி ஆசை தானாக விட்டுப்போனது. "இப்ப அடுப்பு மணத்தா கூட நாக்கு ஊறல்லங்க" என்று அவரே சொன்னார். ஏசின ஏச்சினால் நிற்காதது மாத்திரையால் நின்றது.

இரும்பு மாத்திரை எடுப்பவர்கள் நாலு விஷயத்தை மறக்கக்கூடாது. ஒன்று, மாத்திரையைத் தேத்தண்ணியோடு குடிக்காதீர்கள். நாம் பறிக்கிற கொழுந்தின் சாயந்தான் இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. சாப்பாட்டோடும் தேத்தண்ணி வேண்டாம், ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இரண்டு, தேசிக்காய்த் தண்ணி, நெல்லிக்காய், கொய்யாப்பழம் இரும்பைச் சேர்த்துக்கொடுக்கும். பருப்பு, கௌபி, முருங்கைக்கீரை, நெத்தலியோடு ஒரு துண்டு தேசிக்காய் பிழிவது நல்லது. மூன்று, மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்திவிடாதீர்கள், அது மாத்திரையின் நிறம். வைத்தியர் சொல்லும் மாதம் வரை விடாமல் எடுக்க வேண்டும். நான்கு, மாத்திரைகளைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து அள்ளித் தின்றால் சின்னப் பிள்ளைக்கு உயிராபத்து.

இனி, சோத்தைக் கண்டு பயப்படுகிற நோய்.

இது பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கும் டவுன் பிள்ளைகளுக்கும் வருவது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அமெரிக்காவில் கேரன் கார்ப்பென்டர் என்று உலகப் புகழ் பெற்ற பாடகி ஒருவர் இருந்தார். இந்த நோயால் இதயம் பலவீனப்பட்டு 1983ஆம் ஆண்டு 32 வயதில் இறந்து போனார். இங்கிலாந்து இளவரசி டயானா, தான் அளவுக்கு மீறிச் சாப்பிட்டுப் பிறகு வாந்தியெடுக்கும் நோயால் வருஷக்கணக்கில் கஷ்டப்பட்டதை 1995ஆம் ஆண்டு தொலைக்காட்சியில் வாய் திறந்து சொன்னார். அரண்மனையில் என்ன சாப்பாட்டுக்கா குறை?

ஆனால் இது லயத்துக்கும் வரும். நாங்கள் பார்த்த ஒரு பிள்ளையைச் சொல்கிறோம். பேர் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த பிள்ளை. ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர், "என்னா புள்ள, கூடை மாதிரி பெருத்துட்ட?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். அன்றைக்கு ராத்திரியிலிருந்து அந்தப் பிள்ளை ரொட்டியைத் தொடவில்லை. "பள்ளிக்கூடத்தில சாப்ட்டேன்" என்று வீட்டிலும், "வீட்டில சாப்ட்டேன்" என்று பள்ளிக்கூடத்திலும் சொன்னது. தம்பிக்குச் சோறு போட்டுக் கொடுக்கும், தான் தின்னாது. வெயிலிலும் தடித்த ஜேர்சி போட்டுக்கொள்ளும். மாதச் சுகமில்லாமல் வருவது நின்றது. தலைமுடி கொட்டியது. எலும்பும் தோலுமான பிறகும் கண்ணாடியில் பார்த்து, "இன்னும் குண்டாத்தான் இருக்கேன்" என்றது.

வீட்டில் செய்வினை என்று நினைத்தார்கள். நூல் கட்டினார்கள், கழிப்புக் கழித்தார்கள். சேர்த்து வைத்த காசெல்லாம் போனது. அவர்களை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. அந்தத் தாய் எங்களிடம் முதல் தடவை வந்தபோது, "வயசுப் புள்ள, படிப்பு யோசனை, சரியாப் போகும்" என்று சொல்லி அனுப்பியவர்கள் நாங்கள்தான். மூன்று மாதம் கழித்து அந்தப் பிள்ளை தண்ணிப் பீலியடியில் மயங்கி விழுந்த பிறகுதான் பசறைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இன்றைக்கு உங்கள் முன்னால் நின்று இதைப் பேசுவதற்கு அதுவே காரணம். இன்னொரு தாயை அப்படித் திருப்பி அனுப்ப மாட்டோம்.

"புடிவாதம், ரெண்டு போட்டா சாப்பிடும்" என்று நினைக்கிறோம். ஆனால் பட்டினியே மனதை மாற்றிவிடும். 1944ஆம் 45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆண்கள் தாங்களாகவே முன்வந்து, ஆறு மாதமளவு அரை வயிற்றுச் சாப்பாட்டில் இருந்தார்கள். அவர்கள் நல்ல திடகாத்திரமானவர்கள். நாள் போகப் போக எரிந்து விழுந்தார்கள், ஒதுங்கிப் போனார்கள், இருபத்துநாலு மணி நேரமும் சாப்பாட்டையே நினைத்தார்கள். திரும்பச் சாப்பிட ஆரம்பித்த பின்னும் உடம்பும் மனமும் பழைய நிலைக்கு வரப் பல மாதம் எடுத்தது. திடகாத்திரமான ஆண்களுக்கே அப்படியென்றால், பதினாறு வயதுப் பிள்ளையிடம் பிடிவாதம் என்று எப்படிச் சொல்வது?

வீட்டில் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இவை: எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடாமல் சாக்குச் சொல்வது. உடம்பு வேகமாக மெலிவது, அதைத் துணியால் மறைப்பது. குளிர் தாங்காமல் நடுங்குவது, தலை சுற்றுவது, மாதவிலக்கு நிற்பது. சாப்பிட்ட உடனே ஒவ்வொரு தடவையும் கக்கூசுக்குப் போய் நெடுநேரம் இருப்பது. கன்னம் வீங்குவது, பல்லு கரைவது, விரல் கணுவில் காயம் இருப்பது. சட்டியில் மிச்சமிருந்த சோறு ராவோடு ராவாகக் காணாமல் போவது. வாந்தியெடுக்கிற பிள்ளை மெலிந்துதான் இருக்கும் என்றில்லை, பார்வைக்கு நல்லாவே இருக்கலாம். ஆனாலும் உடம்பின் உப்புச் சத்து குறைந்து இதயம் பாதிக்கப்படும். ஆம்பிளைப் பிள்ளைகளுக்கும் இந்த நோய்கள் வரும்.

இப்படித் தெரிந்தால் என்ன செய்வது?

அடிக்காதீர்கள், வாயில் திணிக்காதீர்கள், லயம் முழுக்கக் கேட்க ஏசாதீர்கள். தனியாக உட்கார வைத்து, "நீ சாப்பிடாம இருக்கிறது எங்களுக்குக் கவலையா இருக்கும்மா. என்னா மனசில கெடக்கு?" என்று கேளுங்கள். சொல்லும் வரை பொறுத்திருங்கள். பிறகு மிட்வைஃப் அம்மாவிடமோ தோட்ட டிஸ்பென்சரியிலோ சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மனநல வைத்தியரிடம் அனுப்பினால், "எம் புள்ளைக்குப் பைத்தியமா?" என்று கோபப்படாதீர்கள். கால் முறிந்தால் அதற்குரிய வைத்தியரிடம் போகிற மாதிரித்தான் இதுவும். 1926 என்ற இலக்கத்துக்குப் பேசினால் தேசிய மனநல நிறுவனத்தில் ஆலோசனை கேட்கலாம். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, சாக வேண்டும் என்று பிள்ளை சொன்னாலோ காத்திருக்க வேண்டாம். 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

முக்கியமாக இன்னொன்று. பல நாள் பட்டினி கிடந்த பிள்ளைக்கு, மனசு மாறிவிட்டது என்ற சந்தோஷத்தில் வயிறு முட்டச் சோறும் கோழிக்கறியும் போடாதீர்கள். காய்ந்த உடம்பில் திடீரென்று சாப்பாடு இறங்கினால் இரத்தத்தின் உப்புகள் குறைந்து உயிரே போகலாம். முதல் நாட்களில் எவ்வளவு கொடுப்பது என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் சொன்ன பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஒரே மாதத்தில் குணமாகவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்தது. நடுவில் ஒரு தடவை பழையபடி விழுந்து, மறுபடியும் எழும்பியது. அதன் அப்பாயி ஒவ்வொரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ ஒரு வாய், நான் ஒரு வாய்" என்று சாப்பிட்டார். சாப்பாட்டைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்காமல் ஊர்க் கதையாகச் சொல்லிக்கொண்டே சாப்பிடுவாராம். வைத்தியரின் மருந்துக்குச் சமமாக அந்த அப்பாயி துணை நின்றார்.

கடைசியாகத் தகப்பன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் அம்மா கடைசியில், சட்டி வழித்துத்தான் சாப்பிடுகிறார். அதைப் பார்த்து வளர்கிற பொம்பளைப் பிள்ளை, தன் வயிற்றுப் பசி பெரிய விஷயமில்லை என்று படித்துக்கொள்கிறது. இந்தக் கிழமையிலிருந்து ஒரு நேரமாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, இருப்பதைப் பங்கிட்டுச் சாப்பிடுங்கள். யார் தட்டில் குறைகிறது, யார் தட்டு அப்படியே கிடக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். "பெருத்துட்ட", "வத்திப்போயிட்ட" என்ற கேலியை நம் வாயிலிருந்து எடுத்துவிடுவோம்.

கூட்டம் முடிந்து போகும்போது யாருக்காவது தனியாகப் பேச வேண்டியிருந்தால், நாங்கள் பிள்ளைக் காம்பராவில்தான் இருப்போம். சொல்வது எங்களோடு இருக்கும்.