தமிழில் பேசிய முதல் கதாநாயகி



திரைப்படம் என்றதும் நம் பிள்ளைகளுக்குப் பல நடிகர்களின் பெயர்கள் நினைவுக்கு வரும். யார் எந்தப் படத்தில் நடித்தார் என்பதை வாய்ப்பாட்டைவிட நன்றாக ஒப்புவிப்பார்கள். ஆனால், தமிழ்ப் பேசும் படத்தின் முதல் கதாநாயகி யார் என்று கேட்டால் வகுப்பறை அமைதியாகிவிடும். பெற்றோரைக் கேட்டாலும் அப்படித்தான். அந்த அம்மையாரின் பெயர் டி. பி. இராஜலட்சுமி. அவருடைய வாழ்க்கையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

இராஜலட்சுமி 1911ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்துத் திருவையாற்றில் பிறந்தார். தியாகராச சுவாமிகளின் சமாதி இருக்கும் ஊர் அது. காவிரிக் காற்றிலேயே இசை கலந்திருக்கும் என்பார்கள். அங்கே பாட்டில் ஆர்வம் கொண்டு வளர்ந்த அந்தச் சிறுமிக்கு, விளையாட்டுப் பருவத்திலேயே திருமணம் செய்து வைத்தார்கள். அந்த மணவாழ்க்கை நிலைக்கவில்லை. பெண்ணுக்குக் குறைந்தது 14 வயது ஆகியிருக்க வேண்டும் என்னும் சாரதா சட்டம் 1929இல்தான் நிறைவேறியது. அது இராஜலட்சுமிக்கு உதவும் காலத்தில் வரவில்லை.

கணவன் வீட்டை விட்டு வந்த பெண்ணுக்கு அக்காலச் சமுதாயம் ஒதுக்கி வைத்த இடம் எது? அடுப்படி மூலைதான். தந்தையும் மறைந்துவிட்டார். தாயும் மகளும் பிழைக்க வேண்டும். கையில் இருந்த ஒரே செல்வம் குரல். அந்தக் குரலை நம்பி அவர் நாடக மேடை ஏறினார்.

அன்றைய நாடக மேடை எப்படிப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். ஒலிபெருக்கி கிடையாது. இரவு முழுவதும் நாடகம் நடக்கும். கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டும். பெண் வேடங்களைச் சிறுவர்களே ஏற்று நடித்த குழுக்கள் பல இருந்தன. துணிந்து மேடைக்கு வந்த பெண்ணை ஊர் இழிவாகப் பேசியது. டிக்கெட் வாங்கி இரவெல்லாம் கைதட்டியவர்களே மறுநாள் காலையில் ஏசினார்கள். இதையெல்லாம் தாங்கிக்கொண்டுதான் இராஜலட்சுமி தம் தொழிலைக் கற்றார்.

1931ஆம் ஆண்டு மார்ச் மாதம் பம்பாயில் 'ஆலம் ஆரா' என்ற இந்தியாவின் முதல் பேசும் படம் வெளிவந்தது. அதைத் தயாரித்த அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனமே, அதே ஆண்டில் தென்னாட்டாருக்காக ஒரு படம் எடுத்தது. எச். எம். ரெட்டி இயக்கிய அந்தப் படம் 'காளிதாஸ்'. மாட்டுக்காரனுக்கு மாலையிட நேர்ந்த அரசகுமாரியாக இராஜலட்சுமி நடித்தார். படம் 1931 அக்டோபர் 31ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் வெளியானது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு, நேயர்களே. இராஜலட்சுமி தமிழில் பேச, மற்றவர்களின் வசனங்களில் தெலுங்கு கலந்திருந்தது. ஆயினும் மக்கள் திரண்டு சென்றார்கள். திரையில் ஓர் உருவம் தங்கள் மொழியில் பேசுகிறது என்பதே அவர்களுக்குப் பெரும் வியப்பாக இருந்தது. காந்தியடிகளின் இராட்டையைப் போற்றும் பாட்டும் அப்படத்தில் இருந்தது. காளிதாசனுக்கும் இராட்டைக்கும் என்ன தொடர்பு? ஒரு தொடர்பும் இல்லை. விடுதலைப் போராட்டம் நடந்த நேரம். நாடக மேடையில் இருந்த நாட்டுப்பற்று திரைக்கும் வந்து சேர்ந்தது.

பின்னணி பாடும் முறை அப்போது கிடையாது. நடிப்பவரே காமிராவின் முன் நின்று பாட வேண்டும். தமிழ்நாட்டில் பேசும் படத்துக்கான ஸ்டூடியோவும் 1934வரை இல்லை. எனவே பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயில் ஏறினார்கள். 1933இல் வெளிவந்த 'வள்ளி திருமணம்' கல்கத்தாவில் எடுக்கப்பட்டது. ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் அதன் தயாரிப்பில் பங்கு கொண்டார். அதில் வள்ளியாக நடித்த இராஜலட்சுமி, உடன் நடித்த டி. வி. சுந்தரத்தைப் பின்னர் மணந்துகொண்டார்.

1936ஆம் ஆண்டில் அவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். 'மிஸ் கமலா' என்ற படத்துக்குக் கதை எழுதி, தாமே தயாரித்து, தாமே இயக்கி, தாமே கதாநாயகியாகவும் நடித்தார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் என்னும் சிறப்பு இதனால் அவருக்கு உரியதாயிற்று. சிறுமியாக இருந்தபோது பிறர் சொன்னபடி மாலை மாற்றிக்கொண்ட பெண், 25 வயதுக்குள் ஒரு படப்பிடிப்புக் குழுவுக்கே கட்டளையிடும் நிலைக்கு உயர்ந்தார். பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டிய கதைகளில் இதுவும் ஒன்றல்லவா?

காலம் மாறியது. புதிய முகங்கள் வந்தன. அவருக்கு வாய்ப்புகள் குறைந்தன. 1964இல் அவர் காலமானார். பழைய படங்களைப் பாதுகாக்க இந்திய அரசு பூனா நகரில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அமைத்ததும் அதே 1964ஆம் ஆண்டில்தான். அதற்குள் 'காளிதாஸ்' அழிந்துவிட்டது. அன்றைய நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றும், வெப்பத்தில் கெட்டுப்போகும். ஓடி முடிந்த சுருள்களிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்பதும் வழக்கம். பாதுகாக்க வேண்டிய பொருள் என்று யாரும் நினைக்கவில்லை. ஆகவே, தமிழில் பேசிய முதல் கதாநாயகியை அந்தப் படத்தில் இன்று நாம் காணவும் முடியாது, கேட்கவும் முடியாது. விளம்பரங்களும் பத்திரிகைக் குறிப்புகளும் சில நிழற்படங்களுமே மிஞ்சின.

தைப்பிங் நகரில் 1883ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பேராக் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த நாட்டிலேயே மிகப் பழையது அது. படகும் கத்தியும் பாடம் செய்த விலங்குகளும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. நம் தோட்டங்களின் கதையோ பெரும்பாலும் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியது, மழை வந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடியது, விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போது கேட்ட பாட்டையே முணுமுணுத்தது, திருவிழாவில் லயத்துப் பெண்கள் கும்மியடித்தது ஆகியவையெல்லாம் எந்தப் புத்தகத்தில் உள்ளன? பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. அவற்றை அறிந்தவர்களும் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள்.

எனவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், வருகிற விடுமுறையில் பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதன்முதலில் பார்த்த படம் எது, எங்கே பார்த்தார்கள், யாருடன் போனார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அவர்கள் பாடத் தெரிந்த பாட்டு இருந்தால் பதிவு செய்து வையுங்கள். பழைய நிழற்படத்தின் பின்புறம் ஆட்களின் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் குறித்து வையுங்கள். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. இராஜலட்சுமியின் 'காளிதாசை' இனி மீட்க வழியில்லை. உங்கள் வீட்டுப் பாட்டியின் குரல் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.