வந்து மறையும் நோய்



மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும், கை கால் விறைத்தது என்றால் நீரிழிவையோ பாரிசவாதத்தையோதான் மக்கள் முதலில் நினைப்பர். பெரும்பாலும் அந்நினைப்புச் சரியானதே. ஆயினும், முப்பது வயதைத் தாண்டாத ஒரு பெண்ணுக்கு ஒரு கண் வலித்து மங்கி, சில கிழமைகளில் தெளிந்து, பின்னொரு காலத்தில் கால்கள் விறைக்குமாயின், வேறொரு நோயையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதுவே மல்டிபிள் ஸ்கிளரோசிஸ். பல இடங்களில் தழும்பு விழும் நோய் என்பது அதன் பொருள்.

1868ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து வைத்தியர் ஷார்க்கோ, இறந்தோரின் மூளையிலும் முள்ளந்தண்டு நாணிலும் தடித்த தழும்புகளைக் கண்டு, அவர்கள் வாழ்நாளில் பட்ட துன்பங்களோடு அவற்றைப் பொருத்தி விளக்கினார். மின்கம்பிக்கு இறப்பர் உறை போன்று நரம்பிழைகளுக்கும் ஓர் உறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே வழிதவறி அவ்வுறையை அரிக்கும்போது, மூளையின் செய்திகள் தடைப்படுகின்றன.

இந்நோய் பெரும்பாலும் 20 முதல் 40 வயதிற்குள் தோன்றுகிறது. ஆண்களைவிடப் பெண்களே இரு மடங்கிற்கும் மேலாகப் பாதிக்கப்படுகின்றனர். 2020ஆம் ஆண்டின் கணிப்பின்படி உலகில் ஏறத்தாழ 28 இலட்சம் பேருக்கு இந்நோய் இருந்தது. வட ஐரோப்பாவிலும் கனடாவிலும் இது மிகுதி. பூமத்திய ரேகையை அண்டிய நாடுகளில் குறைவு. வெயிலால் உடலில் உண்டாகும் வைட்டமின் டீ, பரம்பரை, எப்ஸ்டீன்–பார் என்னும் வைரசு ஆகிய மூன்றும் இதனோடு தொடர்புடையவை என அறிஞர் கருதுகின்றனர். இது தொற்றுநோய் அன்று.

வெயில் நிறைந்த மட்டக்களப்பில் இந்நோய் அரிது. அவ்வருமையே ஓர் ஆபத்தாகிறது. அரிதானதை எவரும் எதிர்பார்ப்பதில்லை. மேலும், தொடக்கத்தில் பெரும்பாலோருக்கு இது வந்து தானாகவே தணியும். அப்போது, கடைசியாக எந்த மருந்து கொடுக்கப்பட்டதோ அதற்கே பெருமை சேர்கிறது. நோயோ உள்ளே தொடர்கிறது.

வெப்பமும் இந்நோயாளரை வருத்தும். உடல் சூடேறும்போது பார்வை மங்குவதையும் தளர்ச்சி மிகுவதையும் அவர் உணர்வர். கச்சான் வீசும் காலத்து நண்பகலில் வயலில் சோர்ந்து அமர்பவரைச் சோம்பேறி எனப் பழித்தல் எளிது. உடல் குளிர்ந்ததும் அத்தளர்ச்சி நீங்கும். ஆதலின் காலையிலும் மாலையிலும் வேலை செய்தல், நிழலில் இளைப்பாறல், குளிர்ந்த நீரில் குளித்தல் ஆகியன அவர்க்கு உதவும்.

எம்.ஆர்.ஐ. படமும் முள்ளந்தண்டு நீர்ப் பரிசோதனையும் நோயைத் துணிய உதவுகின்றன. கண்ணையும் முள்ளந்தண்டையும் தாக்கும் நியூரோமைலிற்றிஸ் ஒப்ரிக்கா என்னும் பிறிதொரு நோயும் இதனை ஒத்தது. அதனை இரத்தத்தில் இனங்காட்டும் எதிர்பொருள் 2004ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. ஒன்றிற்குரிய சில மருந்துகள் மற்றொன்றைக் கடுமையாக்கும். எனவே பிரித்தறிதல் இன்றியமையாதது.

முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும், நோய் மீண்டும் மீண்டும் தாக்குவதைக் குறைக்கும் மருந்துகள் 1993ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டிற்கு வந்துள்ளன. அவற்றைக் காலம் தாழ்த்தாது தொடங்கினால், நிரந்தர ஊனத்தைப் பெரிதும் தள்ளிப்போடலாம்.

ஆகவே, மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ அயலிலுள்ள வைத்தியரிடமோ செல்பவர், இன்றைய கால் விறைப்பை மட்டும் சொல்லி நிறுத்துதல் ஆகாது. முன்பு மங்கித் தெளிந்த கண்ணைப் பற்றியும், அது எந்த ஆண்டில், எத்தனை நாள் நீடித்தது என்பதையும் கூறுதல் வேண்டும். மறைந்துபோன அந்நோவே வைத்தியருக்கு வழிகாட்டும்.