டூப் போட்டுச் சோதிப்போம், அசலையும் பார்ப்போம்



சினிமாவில் ஹீரோ மாடியிலிருந்து குதிக்க டூப் போடுகிறார்கள் அல்லவா? சாஃப்ட்வேரிலும் அது உண்டு. புரோகிராமின் ஒரு துண்டை மட்டும் தனியே சோதிப்பது யூனிட் டெஸ்ட். அந்தத் துண்டு நம்பியிருக்கும் மற்றவற்றுக்குப் போடும் டூப்புக்கு, ஜெரார்ட் மெசரோஸ் 2007-இல் வெளிவந்த தம் நூலில் ‘டெஸ்ட் டபுள்’ என்றே பெயர் வைத்தார். அதில் ஒரு வகைதான் ‘மாக்’.

டிக்கெட் புரோகிராம் எழுதுகிறீர்கள். வங்கி பணத்தை எடுத்துவிட்டது. பதில் மட்டும் வரவில்லை. உங்கள் புரோகிராம் மறுபடியும் பணம் கேட்குமா? இதைச் சோதிக்க, நிஜ வங்கியிடம் போய் “கொஞ்சம் பேசாமல் இருங்க” என்று சொல்ல முடியுமா? ஜாவாவில் மாக்கிட்டோவை வைத்துச் சில வரிகளில் ஊமை வங்கி ஒன்றைச் செய்துவிடலாம். எத்தனை தடவை பணம் கேட்டோம் என்பதையும் அது எண்ணிச் சொல்லும்.

ஆனால் ஒன்று. டூப், நாம் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்லும். 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் ஏன் தொலைந்தது? ஒரு புரோகிராம் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் கொடுத்தது. வாங்கிக்கொண்ட புரோகிராம் அதை நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. நியூட்டனில் பதில் சொல்லும் டூப்பை வைத்துச் சோதித்தால் எல்லாமே பாஸ்தான்!

ஆகவே மாக் வைத்து நூறு சோதனை செய்யுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அசலோடு இணைத்துப் பத்தாவது செய்யுங்கள். அங்கே போவது யாரோ ஒரு பயணியின் சம்பளக் காசு என்பதை நான் வேலையில் தினமும் நினைத்துக்கொள்கிறேன். நீங்களும் நினையுங்கள்.