கரையேறிய நீர்மூழ்கி

ஓய்வுபெற்ற போர்க்கப்பலுக்கு நேரக்கூடிய கதிகள் மூன்று. அதனை உடைத்து இரும்பாக விற்றுவிடலாம். இலக்காக நிறுத்திச் சுட்டுக் கடலில் மூழ்கடிக்கலாம். அல்லது நினைவுச் சின்னமாகப் போற்றி வைக்கலாம். முதல் இரண்டும் ஒரு முறை செய்து முடிக்கும் காரியங்கள். மூன்றாவதற்கோ ஆண்டுதோறும் பொருளும் உழைப்பும் வேண்டும். இந்த வேறுபாட்டை நம் நாட்டுக் கப்பல்கள் இரண்டின் வரலாறு நன்கு விளக்குகிறது.

விசாகப்பட்டினத்து இராமகிருஷ்ணா கடற்கரையில் அலைகளுக்கு அருகே, கரிய திமிங்கிலம் ஒன்று கரையேறிப் படுத்தாற்போல் காட்சி தருவது 'குர்சுரா' என்னும் நீர்மூழ்கிக் கப்பல். இந்தியக் கடற்படையின் நீர்மூழ்கிப் பிரிவு 1967 டிசம்பர் 8-ஆம் நாள், சோவியத் நாட்டின் ரீகா துறைமுகத்தில் 'கல்வரி' நம் கொடியை ஏற்றபோது பிறந்தது. அதன் வரிசையில் நான்காவதாக 1969 டிசம்பர் 18-ஆம் நாள் பணியேற்றது குர்சுரா. 1971-ஆம் ஆண்டுப் போரில் அரபிக் கடலில் அது காவல் புரிந்தது. 31 ஆண்டுகள் உழைத்து, 73,500 கடல் மைல்கள் ஓடி, 2001 பிப்ரவரி 27-ஆம் நாள் ஓய்வு பெற்றது. பின்னர் கரைக்கு இழுத்துவரப்பட்டு, உறுதியான அடித்தளத்தின்மீது நிறுத்தப்பெற்று, 2002 ஆகஸ்டு மாதம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

கப்பலின் நீளம் சுமார் 300 அடி. அகலமோ 25 அடிக்குள். இந்தக் குறுகிய குழாய்க்குள் 75 பேர் அளவில் வாழ்ந்தனர். நீரின்மேலோ நீருக்குச் சற்றுக் கீழோ செல்லும்போது டீசல் எந்திரங்கள் கப்பலை ஓட்டும். எந்திரத்துக்குக் காற்று வேண்டும். ஆழத்தில் காற்று ஏது? ஆகவே முழுவதும் மூழ்கியபின் மின்கல அடுக்குகளில் சேமித்த மின்சாரமே துணை. அது தீர்ந்துவிடுமுன் மீண்டும் மேலே வந்து, காற்றுக் குழாயை நீட்டி, எந்திரங்களை ஓட்டி மின்சாரத்தை நிரப்பிக்கொள்ள வேண்டும். எதிரியின் கண்ணுக்கு அகப்படும் ஆபத்து மிகுந்த வேளை அதுவே.

முன்புறம் ஆறும் பின்புறம் நான்குமாகப் பத்து டார்பிடோக் குழாய்கள் இருக்கின்றன. டார்பிடோக்களுக்கு அருகிலேயே மாலுமிகளின் படுக்கைகள். ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்ல வட்டமான துவாரத்தின் வழியே குனிந்து நுழைய வேண்டும். ஓர் அறையில் நீர் புகுந்தால் அடுத்த அறையைக் காக்க அந்தக் கதவை அடைப்பார்கள். அடைத்த கதவுக்கு அப்பால் தோழர்கள் இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தால்தான் அந்தக் கதவின் பொருள் விளங்கும்.

இந்தக் கடற்கரைக்கு மற்றோர் உரிமையும் உண்டு. 1971 டிசம்பர் 3-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, பாகிஸ்தானின் 'காஜி' என்னும் நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. நமது 'விக்ராந்த்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலைத் தேடி வந்த கலம் அது. அது அழிந்த காரணத்தை இரு நாடுகளும் வேறுவேறாகக் கூறுகின்றன. அதில் இருந்தோருள் ஒருவரும் பிழைக்கவில்லை என்பதில் மட்டும் கருத்து வேற்றுமை இல்லை. போரில் வென்ற வீரர்களுக்கு இதே கடற்கரையில் வெற்றிச் சின்னம் இருக்கிறது, அது தக்கதே. ஆயினும் குர்சுராவின் உள்ளே நடந்து வருகிறவர், நம் வீரர் வாழ்ந்த இடத்தைக் காண்பதோடு, கடலடியில் கிடக்கும் அந்த எதிரிகளும் இத்தகைய இருட்டறைகளில்தான் இறந்தார்கள் என்பதையும் உணர்வார். ஆயுதத்தை மட்டும் காட்டும் சின்னத்துக்கு அந்த ஆற்றல் இல்லை.

காஜி தேடிவந்த விக்ராந்தின் கதை வேறு. 1961 மார்ச் 4-ஆம் நாள் பெல்பாஸ்டு நகரில் நம் கடற்படையில் சேர்ந்த அக்கப்பல் 700 அடி நீளமுடையது. 1971-இல் அதன் விமானங்கள் சிட்டகாங், காக்ஸ் பஜார் துறைமுகங்களைத் தாக்கின. 1997-இல் ஓய்வு பெற்று, பின்னர் சில ஆண்டுகள் பம்பாய்த் துறைமுகத்தில் மிதக்கும் காட்சிசாலையாக விளங்கிற்று. ஆனால் உப்புநீரில் நிற்கும் எஃகு ஓயாமல் அரிக்கப்படும். நீருக்கு அடியிலுள்ள பகுதியைச் செப்பனிட, கப்பலை உலர்துறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அவ்வளவு பெரிய உடலுக்கு அதற்கான செலவும் பெரிது. ஏற்பார் நிலையாக முன்வரவில்லை. 2012-இல் பாதுகாப்பை முன்னிட்டுக் காட்சிசாலை மூடப்பட்டது. கப்பலைக் காக்க வேண்டுமென்று தொடுத்த வழக்கும் பலிக்கவில்லை. 2014-இல் அது ஏலத்தில் விற்கப்பட்டு உடைக்கப்பட்டது.

சிறிய கப்பல் எஞ்சியது. பெரிய கப்பல் மறைந்தது. புகழில் விக்ராந்த் எவ்வகையிலும் குறைந்ததன்று. குர்சுரா கரைக்கு ஏற்றத்தக்க அளவில் இருந்தது. ஓய்வுபெற்ற அடுத்த ஆண்டே அதற்கு இடமும் காப்பாளரும் கிடைத்தனர். விக்ராந்துக்குப் பாராட்டுரைகள் நிறையக் கிடைத்தன. நிலையான ஏற்பாடு கிடைக்கவில்லை. 2022-இல் அதே பெயருடைய புதிய கப்பல் கொச்சியில் பணியேற்றது நமக்குப் பெருமையே. ஆனால் பெயர் திரும்பி வந்ததுபோல் பழைய கப்பலின் தளமும் எந்திர அறையும் திரும்பி வாரா.

ஆகவே ஒரு கப்பலைக் காப்பதா என்ற கேள்வியை, அது துருவேறி நிற்கும்போது கேட்டுப் பயனில்லை. அது பணியில் இருக்கும்போதே கேட்க வேண்டும். எங்கே நிறுத்துவது, யார் பொறுப்பு, ஆண்டுச் செலவுக்கு வழி என்ன என்ற மூன்றுக்கும் விடை கிடைத்தபின்னரே நினைவுச் சின்னம் என்ற சொல்லை உச்சரிக்க வேண்டும்.

விசாகப்பட்டினம் செல்லும் நேயர்கள் குர்சுராவை வெளியே நின்று பார்த்துத் திரும்பிவிட வேண்டாம். சிறுவர்களை உள்ளே அழைத்துச் செல்லுங்கள். அங்கு வழிகாட்டிகளாக இருப்போர் ஓய்வுபெற்ற கடற்படையினர். ஆயுதங்களைப் பற்றி மட்டுமன்றி, எப்படி உறங்கினீர்கள், எப்படிச் சமைத்தீர்கள், பகலும் இரவும் தெரியாத நாட்களை எப்படிக் கழித்தீர்கள் என்றும் அவர்களைக் கேளுங்கள். இரும்பைப் பெயிண்டு பூசிக் காத்துவிடலாம். அந்த விடைகளைக் கேட்டறிந்து காப்பது நம் கடமை.